தட்டிக் கேட்டல்

பூமிக்கு அடியில் இரண்டு கிலோமீட்டர் ஆழம். முந்தைய ஷிப்டில் வந்தவர்கள் பாறையில் துளையிட்டு, வெடிமருந்து வைத்து, வெடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். புகை அடங்கிய பின் அடுத்த ஷிப்டுக்காரர்கள் அவ்விடத்திற்கு வருகிறார்கள். தலைவிளக்கு காட்டும் சிறு வட்டத்தைத் தவிர எங்கும் இருள். வந்தவர்களுள் மூத்தவர் உடனே வேலையைத் தொடங்குவதில்லை. நீண்ட கடப்பாரையை எடுத்துத் தலைக்கு மேலுள்ள பாறையைத் தட்டுகிறார். தட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறார். கணீரென்று ஒலித்தால் பாறை உறுதியாக இருக்கிறது. உள்ளே பொள்ளலாக இருப்பதுபோல் மங்கி ஒலித்தால், அந்தத் துண்டு தாய்ப்பாறையிலிருந்து பிரிந்து நிற்கிறது என்று பொருள்; அது எந்த நேரமும் விழலாம். பாதுகாப்பான பக்கத்தில் நின்றுகொண்டு அதை நெம்பி விழச் செய்த பிறகே மற்றவர்கள் உள்ளே வருவார்கள்.

சுரங்கத் தொழிலாளர் எந்த நாட்டவராயினும் செய்யும் வேலை இது. கோலார் தங்கவயலில் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர்கள். இம்மாதப் பாடத்திற்கு அவர்களுடைய கடப்பாரையையே நாம் கையில் எடுத்துக்கொள்கிறோம். சிரத்தை என்னும் சொல்லின் பொருளை நூல்களில் தேடுவதற்கு முன் அங்கே கேட்டுப் பார்ப்பது நல்லது என்று தோன்றுகிறது.

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தில், ஆந்திரத்திற்கும் தமிழகத்திற்கும் அருகில், பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே பொறுப்பேற்ற பின் சுரங்கத் தொழில் பெரிதாக வளர்ந்தது. வட ஆற்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினார்கள். 1902-ல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து இவ்வூருக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பிறகு, 1905-ல்தான். பொன் என்றால் மனிதன் எவ்வளவு வேகமாக வேலை செய்வான் என்பதற்கு இது ஒரு சான்று! சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்றது. 1956-ல் மைசூர் அரசும், 1962-ல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. தோண்டும் செலவு கிடைக்கும் பொன்னின் மதிப்பை விஞ்சிவிட்டதால் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அனைத்தும் மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் இம்மண் கொடுத்த பொன் சுமார் 800 டன்.

அண்மையில் வந்த திரைப்படங்களின் வாயிலாக இவ்வூரின் பெயர் நாடெங்கும் தெரிந்துவிட்டது. அப்படங்களில் வரும் கதைக்கும் இங்கு வாழ்ந்த மக்களின் கதைக்கும் தொடர்பு இல்லை. உண்மைக் கதையில் துப்பாக்கிகள் குறைவு, இருமல் அதிகம்.

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள்

‘சிரத்தை’ என்ற வடசொல்லுக்கு நம்பிக்கை என்று பொருள் சொல்வது வழக்கம். சாஸ்திரத்திலும் குருவின் சொல்லிலும் ‘இது உண்மை’ என்ற உறுதி கொள்வதே சிரத்தை என்று வேதாந்த நூல்கள் வரையறுக்கின்றன. சுவாமி விவேகானந்தர் நசிகேதனைப் பற்றிப் பேசும்போது இச்சொல்லை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தயங்கினார். எந்த ஆங்கிலச் சொல்லும் அதற்கு ஈடாகாது என்பது அவர் கருத்து.

தமிழரான நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நாம் இச்சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்து புழங்கவிட்டிருக்கிறோம். ‘சிரத்தையாகப் படி’ என்று தாய் பிள்ளைக்குச் சொல்கிறாள். கோலம் கோணிவிட்டால் ‘சிரத்தையில்லாமல் போட்டிருக்கிறாய்’ என்கிறாள் பாட்டி. அலுவலகத்தில் ஒருவர் ‘அசிரத்தையாக’ இருந்தார் என்றால் அவர் நாத்திகர் என்று யாரும் நினைப்பதில்லை. கவனக்குறைவாக இருந்தார் என்றே புரிந்துகொள்கிறோம். கவனம், அக்கறை, செய்யும் வேலையிலேயே மனம் இருத்தல் ஆகியவை தமிழ்ப் பேச்சில் சிரத்தைக்குரிய பொருள்கள். வடமொழியில் நம்பிக்கையாக இருந்த சொல் தமிழ் வீட்டில் கவனமாக மாறியது பிழையால் நேர்ந்ததன்று என்று நான் கருதுகிறேன். நம்பிக்கை உள்ள இடத்தில் கவனம் தானாக வரும் என்பதை மக்கள் வாழ்ந்து அறிந்திருக்க வேண்டும்.

சுரங்கத்தில் இவ்விரு பொருளும் ஒரே கயிற்றின் இரு முனைகளாக இருந்தன. உவமைக்காக இதைச் சொல்லவில்லை. அங்கே உண்மையிலேயே ஒரு கயிறு இருந்தது. தொழிலாளர்கள் இரும்புக் கூண்டில் நெருக்கியடித்து நின்று ஆழத்திற்கு இறங்குவார்கள். கூண்டைத் தாங்கும் எஃகுக் கயிறு மேலே ஒரு பெரிய உருளையில் சுற்றப்பட்டிருக்கும். அதை இயக்குபவர் என்ஜின் அறையில் இருப்பார். இறங்குபவர்களை அவர் காண்பதில்லை. அவர்களும் அவரைக் காண்பதில்லை. கூண்டுக்கருகில் நிற்பவர் அடிக்கும் மணியோசையும், கூண்டு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் முள்ளுமே அவருக்கு வழிகாட்டி. இத்தனை மணி அடித்தால் இறக்கு, இத்தனை அடித்தால் நிறுத்து என்று கணக்கு உண்டு. ஒரு மணியோசையைத் தவறாகக் கேட்டாலும் பல உயிர்கள் போய்விடும்.

கூண்டில் நிற்பவனிடம் இருப்பது நம்பிக்கை. கண்ணுக்குத் தெரியாத ஒருவரின் கையில் தன் உயிரை ஒப்படைத்துவிட்டு அவன் இறங்குகிறான். மேலே அமர்ந்திருப்பவரிடம் இருப்பது கவனம். அந்தக் கவனம் இல்லாவிட்டால் இந்த நம்பிக்கை மூடத்தனமாகிவிடும். இந்த நம்பிக்கை தம்மீது வைக்கப்பட்டிருக்கிறது என்று உணர்வதால்தான் அவருடைய கவனம் சிதறுவதில்லை. சிரத்தை என்ற சொல் இவ்விரண்டையும் சேர்த்துக் குறிக்கிறது. கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போது நாம் கூண்டில் இருக்கிறோம். வீட்டில் அடுப்பையோ குழந்தையையோ நோயாளியையோ பார்த்துக்கொள்ளும்போது என்ஜின் அறையில் இருக்கிறோம். பக்தர்கள் பலர் முதலாவதை மட்டுமே சாதனை என்று கொண்டு இரண்டாவதை உலகக் காரியம் என்று ஒதுக்கிவிடுவதில்தான் தொல்லை தொடங்குகிறது.

அச்சம் தரும் கவனமா?

‘உயிருக்குப் பயந்து பாறையைத் தட்டினார்கள். அதைப் போய் சிரத்தை என்று சொல்லலாமா?’ என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி.

அச்சம் கவனத்தைத் தூண்டும் என்பது உண்மை. ஆனால் அச்சத்தால் முப்பது ஆண்டுகள் கவனமாக இருக்க முடியாது. பழகப் பழக அது மழுங்கிவிடும். முதல் நாள் மலைப்பாதையில் பேருந்து ஓட்டுபவர் எவ்வளவு விழிப்பாக இருக்கிறார், ஆயிரமாவது நாள் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள்! ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்ற நிம்மதியில்தான் மறதி நுழைகிறது. வள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்து, மகிழ்ச்சிக் களிப்பில் வரும் மறதி அளவு கடந்த கோபத்தைவிடத் தீயது என்று எச்சரிக்கிறார். அச்சம் தேய்ந்த பிறகும் ஒருவர் நாள்தோறும் பாறையைத் தட்டினார் என்றால் வேறொன்று அவரைத் தட்ட வைத்தது. அவருக்குப் பின்னால் இளைஞர்கள் நின்றார்கள். அவர் தட்டியது தமக்காக மட்டும் அன்று.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாறையைத் தட்டிப் பார்த்தவர்களும் மாண்டார்கள். அழுத்தம் தாங்காத பாறை திடீரென வெடித்துச் சிதறும் விபத்துக்குக் கோலார் உலகப் பெயர் பெற்றது. எத்தனை கூர்மையான காதும் அதை முன்கூட்டி முழுதாக அறிய முடியவில்லை. மிக ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். பாறைத் தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோய் வந்தது. 1940-களில் நடந்த மருத்துவ ஆய்வில் பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் ஐந்தில் இருவருக்கு மேல் அந்நோய் இருந்தது. சிரத்தையுள்ளவனுக்குத் துன்பம் வராது என்று கூறும் பேச்சுக்கு இவ்வூரில் இடமில்லை. துன்பத்தைப் புனிதமாக்கிப் பேசுவதற்கும் இடமில்லை. நகைக்கடை விளம்பரங்களில் ‘செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை’ என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நுரையீரல்கள் நினைவுக்கு வருகின்றன.

பசுக்களைப் பார்த்த சிறுவன்

சிரத்தைக்கு உபநிடதங்கள் காட்டும் பெரிய உதாரணம் கடோபநிடதத்து நசிகேதன். கதை நாம் அறிந்ததே. ஆனால் அதன் தொடக்கத்தை வேகமாகக் கடந்து, யமனுடன் நடந்த உரையாடலுக்குத் தாவிவிடுவது நம் வழக்கம். சற்று நின்று பார்ப்போம்.

தந்தை வாஜசிரவசர் எல்லாவற்றையும் தானமாகக் கொடுக்கும் வேள்வியைச் செய்கிறார். தட்சிணையாகப் பசுக்கள் ஓட்டிச் செல்லப்படுகின்றன. அந்த வேளையில், சிறுவனாகிய நசிகேதனுக்குள் சிரத்தை புகுந்தது என்கிறது உபநிடதம். சிரத்தை புகுந்தவுடன் அவன் என்ன செய்தான்? கண்ணை மூடித் தியானத்தில் அமரவில்லை. பசுக்களைப் பார்த்தான். அவை கிழடாகி, குடிக்க வேண்டிய நீரைக் குடித்து முடித்து, தின்ன வேண்டிய புல்லைத் தின்று முடித்து, பால் வற்றி, இனி ஈனும் ஆற்றலும் இல்லாமல் நின்றன. வேள்விச் சாலையில் எத்தனையோ அறிஞர்கள் இருந்திருப்பார்கள். மந்திரங்கள் ஒழுங்காக முழங்கியிருக்கும். பசுக்களை உண்மையாகப் பார்த்தவன் இந்தச் சிறுவன் ஒருவனே. சிரத்தை என்றால் நம்பிக்கை மட்டும்தான் என்றால், ‘அப்பா செய்வது சரியாகத்தான் இருக்கும்’ என்று அவன் பேசாமல் இருந்திருக்க வேண்டும். நம்பிக்கை இருந்ததாலேயே, அந்த வேள்வி மெய்யான வேள்வியாக இருக்க வேண்டும் என்று அவன் விரும்பினான். அந்த அக்கறையால் அவனுக்குக் கண் திறந்தது.

பிறகு அவன் யமனின் வீட்டுக்குச் சென்று மூன்று இரவுகள் உணவின்றிக் காத்திருந்ததும், மரணத்தின் உண்மையைக் கேட்டதும், யமன் அதைத் தவிர்க்க வேறு பொருள்களைக் காட்டியதும் நாம் அறிந்தவை. நூறாண்டு வாழும் பிள்ளைகள், யானைகள், குதிரைகள், பொன், பரந்த நிலம், தேரும் இசையும் உடைய அழகியர் என்று யமன் அடுக்கிக்கொண்டே போகிறான். இன்றைய விளம்பரத்தாரின் தந்திரத்தை அன்றே அறிந்தவன் அவன்! கேள்வி கேட்பவனுக்குப் பதில் சொல்ல விருப்பமில்லையா, கடையைத் திறந்து காட்டிவிடு. நசிகேதன் மறுத்ததற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று நம் பாடத்துக்கு மிக நெருக்கமானது: இப்பொருள்கள் நிலையாதவை என்பதோடு, புலன்களின் கூர்மையையே தேய்த்துவிடுகின்றன என்கிறான். பசுக்களைப் பார்த்த அதே கண் மழுங்கிவிடும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

பொன்னைப் பாவம் என்று அவன் பழிக்கவில்லை. நாமும் பழிக்க வேண்டாம். மகளின் கழுத்தில் ஒரு சங்கிலி போட்டுப் பார்க்க வேண்டும் என்று சிறுகச் சிறுகச் சேர்க்கும் தாயின் உள்ளத்தில் பேராசை இல்லை. அதில் சிரத்தை நிறைய உண்டு. ஆனால் அட்சய திருதியை என்ன ஆனது என்பதைக் கவனியுங்கள். நீரும் அன்னமும் தானம் கொடுத்தால் குறையாத பலன் என்று போற்றப்பட்ட நாள், கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் வரிசையில் நின்று நகை வாங்கும் நாளாக ஆகிவிட்டது. கொடுக்கும் நாள் வாங்கும் நாளாக மாறியதை நம்மில் பலர் கவனிக்கவே இல்லை.

புதிய சுரங்கம்

தங்கவயல் மூடப்பட்ட பிறகு ஊர் காலியாகிவிடவில்லை. மாரிக்குப்பத்திலிருந்து விடியும் முன்பே ரயில் புறப்படுகிறது. சாம்பியன், உரிகம், கோரமண்டல், பங்காருப்பேட்டை என்று ஏறிக்கொண்டே வரும் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவு திரும்புகிறார்கள். போக இரண்டு மணி நேரத்திற்கு மேல், வர அவ்வளவு நேரம். பாட்டன் கூண்டில் இறங்கினான். பேரன் ரயிலில் ஏறுகிறான். பலர் காவல் பணியிலும் துப்புரவுப் பணியிலும் கடைகளிலும் ஆலைகளிலும் இருக்கிறார்கள். ரயிலில் இடம் கிடைத்தவர் உறங்குகிறார்; நிற்பவரின் முகத்தில் கைபேசியின் நீல ஒளி விழுகிறது.

இதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பகலெல்லாம் பிறருக்காக நின்றவனுக்கு அந்தச் சிறு கண்ணாடி ஒன்றுதான் தனக்கென இருக்கும் இடம். ஆனால் அந்த இடத்திலும் ஒருவன் கடப்பாரையுடன் தோண்டிக்கொண்டிருக்கிறான் என்பதை அறிந்துகொள்வது நல்லது. தங்கச் சுரங்கத்தின் கணக்கு எளிது. ஒரு டன் பாறையை உடைத்தால் கிடைப்பது சில கிராம் பொன். ஆகவே மலைமலையாக உடைக்க வேண்டும். கைபேசியின் வணிகமும் அப்படிப்பட்டதே. ஒருவரிடமிருந்து கிடைப்பது சில நொடிக் கவனம். ஆகவே கோடிக்கணக்கானவரை, நாள் முழுதும், விடாமல் உடைக்க வேண்டும். தகவல் பெருகினால் கவனம் பஞ்சமாகும் என்று ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர் 1971-லேயே எடுத்துரைத்தார். பிற்காலத்தில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். எது பஞ்சமோ அதற்கு விலை உண்டு. விலை உள்ளதைத் தோண்ட ஆள் வருவான்.

பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், மனிதன் படிப்படியாக வீழ்வதை விளக்கும் இரு சுலோகங்கள் உண்டு. பொருள்களை நினைத்துக்கொண்டே இருப்பவனுக்குப் பற்று உண்டாகிறது. பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து சினம், சினத்திலிருந்து மயக்கம், மயக்கத்திலிருந்து நினைவுத் தடுமாற்றம், அதிலிருந்து புத்தி நாசம் என்று அது போகிறது. இச்சங்கிலியின் முதல் கண்ணி எது என்று பாருங்கள். வாங்குவது அன்று, ஆசைப்படுவதுகூட அன்று. நினைத்துக்கொண்டே இருப்பது. இன்று அந்த நினைப்பை நாம் தொடங்க வேண்டியதே இல்லை. பிறர் தொடங்கிக் கொடுக்கிறார்கள். நேற்று ஒரு செருப்பைப் பார்த்தோம் என்பதற்காக அச்செருப்பு ஒரு வாரம் நம்மைத் துரத்துகிறது. வாங்காதவனும் இதில் தப்புவதில்லை. காசு செலவழிக்காமலேயே அவன் மாலைப்பொழுது முழுவதையும் கொடுத்துவிட்டு எழுகிறான். (இப்பகுதியை எழுதி முடிப்பதற்குள் நான் இருமுறை கைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டேன். அழைப்பு ஒன்றும் வந்திருக்கவில்லை.)

இதே தங்கவயலில் நடந்த மற்றொரு செய்தி இங்கே பொருந்தும். 1960-களில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்தார்கள். நியூட்ரினோ என்னும் துகளைத் தேடினார்கள். அத்துகள்கள் ஒவ்வொரு நொடியும் கோடானுகோடியாக நம் உடலின் ஊடே சென்றுகொண்டிருக்கின்றன. ஏறத்தாழ எதனோடும் மோதுவதில்லை. பூமியின் மேற்பரப்பில் விண்ணிலிருந்து பொழியும் மற்றத் துகள்களின் ஆரவாரத்தில் அவற்றைப் பிரித்தறிய இயலாது. ஆகவே ஆரவாரம் எட்டாத ஆழத்திற்குப் போய், கருவிகளை வைத்துவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 1965-ல் வளிமண்டல நியூட்ரினோ ஏற்படுத்திய தடம் அங்கே பதிவாயிற்று. உலகில் முதன்முதலாக அதைக் கண்ட இரண்டு இடங்களுள் ஒன்று தங்கவயல். மற்றொன்று தென்னாப்பிரிக்காவில் உள்ள ஒரு தங்கச் சுரங்கம்.

நியூட்ரினோவையும் ஆன்மாவையும் ஒப்பிட்டு, விஞ்ஞானமே வேதாந்தத்தை ஒப்புக்கொண்டது என்று எழுதும் வழக்கம் ஒன்று உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் கொள்வது சிறிய செய்தி ஒன்றை மட்டுமே. அவர்கள் தேடிய பொருள் அரியதன்று, எங்கும் நிறைந்தது. அரிதாக இருந்தது அமைதி. ஒரே சுரங்கத்தில் ஒரு சாரார் கிடைத்தற்கரிய பொன்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள்; மற்றொரு சாரார் எங்கும் இருப்பதை அறிய ஓர் அமைதியான இடத்தைத் தேடி வந்தார்கள்.

பயிற்சி

வெடித்தவுடன் யாரும் சுரங்க முகப்புக்குள் நுழைவதில்லை என்று தொடக்கத்தில் பார்த்தோம். புகை அடங்கும் வரை காத்திருப்பார்கள். நச்சுப் புகையில் நுழைபவன் பாறையைத் தட்டும் முன்பே மயங்கி விழுவான். ஒரு பொருளை வாங்க வேண்டும் என்ற எண்ணம் திடீரென எழும்போது, குறிப்பாக ‘இன்று நள்ளிரவு வரை மட்டும்’ என்ற அறிவிப்புடன் எழும்போது, அதை ஒரு வெடிச் சத்தமாகக் கொள்வோம். ஓர் இரவு போகட்டும். மறுநாள் காலையில் அந்த ஆசையைத் தட்டிப் பார்ப்போம். இது வீட்டின் தேவையிலிருந்து பேசுகிறதா, பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசுகிறதா, அல்லது நேற்றைய களைப்பும் தனிமையும் பொருளின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கின்றனவா? உறுதியான தேவை கணீரென்று ஒலிக்கும். அதை வாங்குவதில் தவறில்லை, நன்றியோடு வாங்கலாம். மற்றது எப்படி ஒலிக்கும் என்பதைச் சில நாள் பழகினால் காது தானே அறியும். தமிழில் ‘தட்டிக் கேட்பது’ என்றால் தவறைக் கண்டு எதிர்த்து நிற்பது என்றும் பொருள். முதலில் ஒலியைக் கேட்கக் கற்றவனே பிறகு அப்படியும் கேட்க முடியும்.

இதை ஜபவேளைக்கு ஒத்திப்போட வேண்டாம். ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்குள் நுழையும் அந்த வாசற்படியே தட்டிக் கேட்கும் இடம். அலுவலகத்திலிருந்து திரும்பி, செருப்பைக் கழற்றி, வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன் ஒரு மூச்சு நேரம் நின்று, உள்ளே என்ன ஒலி கேட்கிறது என்று கேளுங்கள். குழந்தை படிக்கிறதா, அழுகிறதா? குக்கர் கூவுகிறதா? வீட்டில் இருப்பவர் பேசும் குரலில் களைப்பு இருக்கிறதா? அதன் பிறகு நுழையுங்கள். தொடக்கத்தில் பத்தில் ஒரு நாள்தான் நினைவு வரும். அதற்காக மனம் நொந்துகொள்ள வேண்டாம். மறந்தோம் என்று தெரிந்த அந்தக் கணம் நினைவு திரும்பிய கணம்தானே.

தங்கவயலில் ஒரு வீட்டில், சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவரிடம் பெங்களூருக்குப் போய்வரும் பேரன் கேட்டான்:

“தாத்தா, சாமி கும்பிடும்போதுகூட மனசு ஒரு இடத்தில நிக்க மாட்டேங்குது. என்ன செய்யறது?”

“சாமிகிட்ட நிக்கலைன்னா பரவாயில்ல கண்ணு, அவரு பொறுத்துக்குவாரு. சோத்துகிட்ட நிக்குதா?”

“நிக்காம என்ன?”

“இப்பதான சாப்பிட்டு எழுந்த? உங்கம்மா இன்னிக்கு என்ன பொரியல் வச்சா, சொல்லு பார்க்கலாம்.”

பேரனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவன் உணவு முழுவதும் கைபேசியைப் பார்த்தபடியே முடிந்திருந்தது. உள்ளேயிருந்து தாய் சிரித்துக்கொண்டே, “கொத்தவரங்காய்டா” என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூஜைக்குத் தேங்காய் வாங்க இருவரும் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குச் சென்றார்கள். பெரியவர் குவியலிலிருந்து ஒன்றை எடுத்தார். விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டினார். காதருகே வைத்துக் குலுக்கிக் கேட்டார். கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். கடைக்காரர், “எல்லாம் நல்ல காய்தான் பெரியவரே” என்றார். அவர் இரண்டாவதையும் தட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாவதைப் பேரன் கையில் கொடுத்தார்.

“நீ கேளு.”

அவன் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, காயைக் காதோடு வைத்துக்கொண்டான்.